கீழ்த்திசைப் புராணங்களும் நம் கண்களும்

கொழும்பு அரும்பொருட்சாலையிலே ஒரு கல் நிற்கின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு இந்நாட்டிற்கு வந்த அக்கல்லில் 1409 ஆம் ஆண்டின் தேதி பொறிக்கப்பட்டிருக்கின்றது; 1911 ஆம் ஆண்டிலே காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளும் அதிலுள. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவினவாகிய காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன் 1000, வெள்ளி 5000 என எண்ணிக்கை வேறுபாடின்றி மூவர்க்கும் ஈந்த அரசியல் நுட்பத்தை வரலாற்றாசிரியர் விரித்துரைக்கட்டும். என் மனத்தை விட்டகலாதது கல்லின் தலைப்பிலே செதுக்கப்பட்டிருக்கும் இரு சீனத்து நாகங்களே.

மாணவரைச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புச் சிறுவனொருவன் அவற்றைச் சுட்டி, “சேர், இது எங்கட நயினாதீவுப் பாம்போ?” என்று வினாவினான். ஏனையோர் நகைத்தனர். “அது சீனத்து டிராகன், தம்பி, நம்முடைய நாகமன்று” என்று நானும் நகைத்து அப்பாற் சென்றேன். யாழ்ப்பாணம் திரும்பும் வழியில், வவுனியாவைக் கடக்குமுன்னரே, நான் கூறிய விடை பாதி பொய்யென்பது எனக்குப் புலனாயிற்று.

வடமொழிப் பௌத்த நூல்களைச் சீனமொழியிற் பெயர்த்தவர்கள் ‘நாக’ என்னுஞ் சொல்லுக்குத் தம் நாட்டு டிராகனைக் குறிக்கும் ‘லுங்’ என்னுஞ் சொல்லையே இட்டனர். அன்று முதல் நம் நாகங்களின் கதைகள் யாவும் அந்நாட்டு நாகத்தின் உடலிலே குடிபுகுந்தன. கடலடியில் அரண்மனை, அதனுள் நாகவரசன், அவன் காக்கும் மணி, மணியைப் புத்தர்க்கு ஈந்த நாககன்னிகை எனத் தாமரைச் சூத்திரம் முதலிய நூல்கள் கூறுவன எல்லாம் சீனத்திலும் யப்பானிலும் டிராகனின் கதைகளாயின. மணிபல்லவத்திலே மணியாசனத்தின் பொருட்டு நாகவரசர் இருவர் பொருததையும், புத்தர் அவர்களைச் சமாதானஞ் செய்ததையும் மணிமேகலையிற் படித்த நமக்கு இவை அந்நியமான கதைகளல்ல. மகாவம்சம் அதே போரை நாகதீபத்திலே வைத்துக் கூறும். ஆகவே அச்சிறுவனின் வினா மூடத்தனமான வினாவன்று. நகைத்த ஆசிரியனே வெட்கப்படவேண்டியவன்.

ஆயினும் என் விடையின் மற்றைப் பாதி மெய்யே. பௌத்தம் சீனத்தை அடைதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அம்மக்கள் பச்சைக்கல்லில் டிராகனைச் செதுக்கி வந்தனர். அதற்குக் கால்களும் நகங்களும் கொம்புகளுமுண்டு. அது மழையைத் தருவது, அரசனின் சின்னம். நம் நாகத்துக்குக் காலில்லை; படமுண்டு. சீனன் முகிலைப் பார்த்து வரைந்தான். நாம் புற்றைப் பார்த்துச் செதுக்கினோம். கதை இங்கிருந்து சென்றது. உருவம் அங்கேயே இருந்தது. இந்த வேறுபாட்டை மாணவனுக்கு உணர்த்துதற்கு ஒரு படமேனும் கையில் இருந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ சொற்கள் மாத்திரமே.

யாழ்ப்பாணத்துச் சைவர் காதினாற் கற்றவர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நம் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று கூறியது முற்றும் பொருந்தும். கோயில் மண்டபத்திலே ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் இருந்து கேட்க, அவ்வாறே கச்சியப்பரின் காவியம் எழுதப்படிக்க அறியாதார் உள்ளத்திலும் நிலைத்தது. கேள்விச் செல்வத்தை யான் குறைத்துப் பேசவில்லை. அதனாலேயே யானும் வளர்ந்தேன். எனினும் கண்ணை நாம் பயிற்றவில்லை. ஆண்டுதோறும் தேரின் வடத்தைப் பிடித்திழுக்கும் இளைஞனை நிறுத்தி, தேரின் அடித்தட்டிலே செதுக்கப்பட்டிருப்பது எக்கதையென்று கேட்டுப் பாருங்கள். கசேந்திர மோட்சத்தைக் கதையாகச் சொல்வான்; மரத்திலே கண்டால் “யானையொன்றும் முதலையொன்றும்” என்பான்.

சீனத்திலே தாங் பேரரசுக் காலத்தில், புராணக் கதையைப் பாட்டும் உரையுமாகச் சொல்லுவோர் அக்கதையின் ஓவியத்தையும் உடன்காட்டுவதுண்டு. யப்பானிலே துறவியரும் பெண்துறவியரும் நரகத்தின் படச்சுருளை விரித்து, ஒவ்வோர் இடமாகச் சுட்டிக்காட்டிக் கதை கூறுவர். ‘எதோக்கி’ என்பது அதன் பெயர். நம் புராணபடனத்துக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை ஒரு சுட்டுக்கோலளவே. ஆனால் அச்சுட்டுக்கோல் எவ்வளவோ செய்துவிடும்! யமனை எடுத்துக்கொள்வோம். நம் யமன் எருமைமேல் வருபவன், கையிற் பாசம், சிவபிரானின் திருவடியால் உதைபட்டு மார்க்கண்டேயர்க்காகத் தோற்பவன். அவனே சீனம் சென்றபோது நீதிமன்றத்து அதிகாரியாயினான். அரசாங்க உத்தியோகத்தரின் தொப்பியும் அங்கியும் தரித்து, மேசைமுன் அமர்ந்து, கணக்கேடுகளைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகின்றான். அவனைப்போன்ற அரசர் பதின்மரென ஒரு முழு இலாகாவே அமைந்துவிட்டது. தேர்வெழுதி உத்தியோகம் பெறுதலைப் பெரும்பேறாகக் கொண்ட ஒரு சமுதாயம் மறுமையையும் கந்தோராகவே கண்டது போலும். யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்டு நகைப்பதற்குமுன் சற்றே சிந்திப்பது நன்று.

இவ்விடத்தில் என் குற்றமொன்றைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பேச்சுப்போட்டியிலே நடுவருள் ஒருவனாக இருந்தேன். ‘கடல் கடந்த தமிழர் கலை’ என்பது தலைப்பு. மாணவனொருவன் எழுந்து, சீனத்தின் சிற்பமும் யப்பானின் கடவுளரும் தமிழன் இட்ட பிச்சையென்றும், போதிதருமர் காஞ்சித் தமிழரென்றும், அனுமனே சீனத்துக் குரங்கரசனென்றும் முழங்கினான். கரவொலி மண்டபத்தைப் பிளந்தது. யானே அவனுக்கு அதிக புள்ளி இட்டேன். குரலும் உச்சரிப்பும் அத்துணை நன்றாக இருந்தன. அவன் கூறியவற்றுள் எது மெய், எது கருத்து, எது சினிமா என்று நான் கேட்கவில்லை. 2011 ஆம் ஆண்டிலே ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வந்தபின்னர் போதிதருமரைப்பற்றி நம் பிள்ளைகளுக்கு ஐயமென்பதே இல்லை. அவரைக் குறிக்கும் மிகப்பழைய சீன நூல் 547 ஆம் ஆண்டினது. அது அவரைப் பாரசீக நாட்டவர் என்கின்றது. தென்னிந்திய அரசகுமாரர் என்பது அதன்பின் எழுந்த வழக்கு. இரண்டையும் மாணவனுக்குச் சொல்வதனால் தமிழுக்கு என்ன குறைந்துவிடும்?

வீண்பெருமை வேண்டாம் என்பதனாற் பெருமையே இல்லையென்று கொள்ளற்க. தென்சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். மார்க்கோ போலோ சைத்தூன் என்று வருணித்த பட்டினம் அது. அங்கே 1956 ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. சகம் 1203, அதாவது 1281 ஆம் ஆண்டு, சித்திரை மாதத்திலே, தவச்சக்கரவர்த்திகளெனப்படும் சம்பந்தப் பெருமாள், செகசைக்கானின் நலத்தின்பொருட்டுச் சிவபிரானை எழுந்தருளப்பண்ணிய செய்தியைக் கூறுவது. குப்ளாய்க்கான் ஆண்ட காலம் அது. கோயில் இன்றில்லை, அதன் கற்கள் நகரெங்கும் சிதறின. கைய்யுவான் என்னும் பௌத்தப் பள்ளியின் பெருமண்டபத்துப் பின்புறத்தில் அக்கோயிலின் தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவற்றிலே நரசிங்கம் இரணியனைப் பிளக்கின்றது. திருமால் யானையைக் காக்கின்றார். கண்ணன் ஆய்ச்சியரின் துகிலைக் கவர்கின்றான். வேறொரு கல்லிலே, மரநிழலில் இருக்கும் இலிங்கத்தை யானையொன்று பூவிட்டு வழிபடுகின்றது. திருவானைக்காப் புராணம் கேட்டவர் எவரும் அதனை உடனே இனங்காண்பர்.

இச்சிற்பங்களின் பொருளை உலகுக்கு எடுத்துரைத்தவருள் முன்னவர், நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி அவர்கள். பொஸ்தன் நகரின் அரும்பொருட்சாலையிற் பணிபுரிந்த அப்பெரியார் 1933 ஆம் ஆண்டிலே இவற்றைப்பற்றிக் கட்டுரை வரைந்தார். கல்வெட்டுக் கிடைத்ததோ அதன்பின் இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்து. எழுத்தின் துணையின்றிக் கல்லின் உருவத்தையே படித்தறிந்தாரென்றால், அது பயின்ற கண்ணின் பெருமையன்றோ? அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டுகின்றோம். அவர் செய்த வேலையைச் செய்தற்கு ஒரு மாணவனையேனும் ஆயத்தஞ் செய்தோமா?

அந்நகரையடுத்த சேதியன் என்னுஞ் சிற்றூரிலே, நான்கு கரங்களோடு அமர்ந்திருக்கும் ஒரு தேவியின் திருவுருவம் இருக்கின்றது. பழைய தமிழ்க் கோயிலொன்றிலிருந்து வந்ததென்பர். ஊர்ப்பெண்கள் அதனைக் குவான்யின் என்னும் கருணைத் தெய்வமாகவே இன்றும் வணங்கிச் சாம்பிராணி இடுகின்றனர். தவறான பெயராலே வழிபடுகின்றனரென்று சிலர் வருந்துவர். எனக்கோ வருத்தமில்லை. தமிழ் வணிகர் போயினர், அரசு போயிற்று, கோயிலும் போயிற்று, அம்மைக்கு விளக்கு மட்டும் நின்றதில்லை. அன்றியும் அக்குவான்யின் யாரென்று பார்த்தால் அவலோகிதேசுவரரே. அவர் உறையும் போதலகம் தென்னாட்டு மலயத்தின் அயலிலுள்ளதென யுவான் சுவாங் எழுதினார். அதுவே நம் பொதியில் என்பார் சூ ஹிகோசாகா என்னும் யப்பானிய அறிஞர். அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்று வீரசோழியமும் கூறுகின்றது. சைவராகிய நாம் அந்த வரியை வகுப்பில் விரைந்து கடந்துவிடுகின்றோம். அஃது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

இனிக் குரங்கு. யுவான் சுவாங் 629 ஆம் ஆண்டு முதல் 645 ஆம் ஆண்டு வரை பாரதநாடு சென்று மீண்டதை அடியாகக்கொண்டு, பதினாறாம் நூற்றாண்டிலே நூறு இயல்களில் எழுந்த ‘மேற்றிசைப் பயணம்’ என்னும் சீனக்கதையில், துறவியின் துணையாக வருபவன் சுன் வுகோங் என்னுங் குரங்கரசன். வானிற் பாய்வான், உருவத்தைப் பெருக்குவான், சுருக்குவான். அனுமனே அவனுக்கு மூலமென 1923 ஆம் ஆண்டில் ஹூ சி கருதினார். சீனத்து நீர்ப்பூதமொன்றே மூலமென லூ சுன் மறுத்தார். மேற்கூறிய கைய்யுவான் பள்ளியின் மேலைக் கோபுரத்தில், 1237 ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்ற கல்வேலையில், வாளேந்திய குரங்குமுக வீரனொருவன் நிற்கின்றான். ஒரே வளவிலே நரசிங்கத் தூணும் குரங்கு வீரனும்! மனம் துள்ளுகின்றது. ஆயினும் பொறுங்கள்: தமிழ்க் கல்வெட்டு 1281 இனது, குரங்கு அதற்கு நாற்பத்துநான்கு ஆண்டு மூத்தது. தமிழர் அதற்கு முன்னரும் அங்கு வாணிபஞ் செய்திருக்கக்கூடும் என்பது மெய். கூடும் என்பது நிறுவப்பட்டது என்றாகாது.

மூலத்தை விட்டுவிட்டுக் கதையையே பார்ப்போமாயின் வேறோர் இன்பம் உண்டு. விண்ணவர் படையோடு பொரும்போது சுன் வுகோங் எழுபத்திரண்டு மாற்றங்கள் வல்லவனாய்ப் பறவையாகின்றான், மீனாகின்றான், ஈற்றில் ஒரு கோயிலாகவே மாறிவிடுகின்றான். வாய் கோயில் வாயிலாயிற்று, கண்கள் சாளரமாயின, வாலை என்செய்வது? கொடிமரமாகப் பின்னே நட்டான். துரத்திவந்த தேவன், கொடிமரம் கோயிலின் பின்புறத்தில் நிற்கக் கண்டு நகைத்து உண்மையை உணர்ந்தான். நம்மூர்ச் சிறுவரும் இதைக் கேட்டு உடனே நகைப்பர். சூரன்போர் பார்த்து வளர்ந்தவரல்லரோ! ஒரு தலையைக் கழற்றி மறுதலை பூட்டி, யானைமுகமும் சிங்கமுகமும் ஆகி, மாமரமாகி, சேவலும் மயிலுமாகிய சூரனை வீதியிலே ஆடவிட்டுக் காட்டும் நம் கோயிற்றொண்டர் உருவமாற்றத்தைக் கண்ணுக்குக் காட்டும் கலையை நன்கறிவர். கந்தபுராணம் காதுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம்மிடையே எஞ்சியிருக்கும் சான்று அது. ஒன்றை மட்டும் கவனிக்க: சூரனின் மாயை அருளிலே முடிகின்றது, குரங்கின் மாயை பிடிபடுதலில் முடிகின்றது. இவ்வேறுபாட்டை ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக உயர்தர வகுப்பிற் கொடுத்தேன். வந்த விடைகளுள் நான்கு, பேச்சுப்போட்டி முழுவதினும் மேலானவை.

முருகனைப்பற்றிக் கூறும்போது ஓர் எச்சரிக்கை. வடசீனத்து யுங்காங் குகைகள் ஐந்தாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டவை. எட்டாங் குகை வாயிலின் ஒருபுறம் எருதின்மேல் மும்முகத்து மகேசுவரர் இருக்கின்றார். மறுபுறம் பறவையின்மேல் ஐம்முகமும் ஆறு கரமுமுடைய தெய்வமொன்று. கருடன்மேல் திருமாலென்பார் சிலர். மயில்மேல் குமரனென்பார் சிலர். நல்லூரான் அடியவனாகிய எனக்கு எப்பக்கம் ஆசையென்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆசையை முடிபென்று மாணவர்க்குக் கூறும் உரிமை எனக்கில்லை.

மேற்கூறிய பேச்சாளன் இன்று வெளிநாட்டிலே நல்ல நிலையிலிருக்கின்றான். தோக்கியோ சென்றபோது, அசகுசாப் பகுதியில் மட்சுசியாமா என்னும் பிள்ளையார் கோயிலைத் தேடிப் போயிருக்கின்றான். யப்பானியர் நம் விநாயகரைக் கங்கித்தென் என்றும் சோதென் என்றும் வழங்குவர். அவன் கடிதம் எழுதினான்: “ஐயா, கோயில் முழுதும் முள்ளங்கி. கல்லிலும் முள்ளங்கி, பலிபீடத்திலும் முள்ளங்கி. பிள்ளையாரை மட்டும் காணமுடியவில்லை. அங்கு எல்லாம் தமிழன் கொடுத்ததென்று மேடையிற் சொன்னேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.”

யான் பெற்ற கடிதங்களுள் இதனை மேலானதாக மதிக்கின்றேன். கங்கித்தெனின் திருவுருவம் பெரும்பாலும் தழுவிநிற்கும் யானைமுகத்து இருவராக அமைவது, மறைபொருளாகப் பேழையுள் வைக்கப்படுவது, அடியார் காண்பதற்கன்று. நம் பிள்ளையாரோ குளக்கட்டிலும் மரத்தடியிலும் வயல்வரப்பிலும் மழையில் நனைந்துகொண்டிருப்பவர். எனினும் மறைவு நமக்குத் தெரியாததா? கதிர்காமத்துத் திரைக்கு முன்னின்று கைகூப்பியவர், திரைக்கப்பால் என்னவென்று கேட்டதுண்டோ? தோக்கியோக் கோயிலின் மூடிய பேழை அவனுக்கு அந்நியமாகத் தோன்றியதற்குக் காரணம், கதிர்காமத்தை அவன் அதனோடு வைத்துப் பாராமையே. இன்னொன்றும் உண்டு: கியோத்தோ நகரிலே அத்தெய்வத்துக்குப் படைக்கும் ‘கங்கிதான்’ என்னும் பணியாரம், உள்ளே இனிப்புப் பூரணம் வைத்துப் பணப்பைபோல முடிந்து எண்ணெயிற் பொரிப்பது. பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து மோதகம் பிடிக்கும் நம் தாய்மார் அதனைக் கண்டால் உறவு கொண்டாடுவர். அவர்கள் கொண்டாடலாம், மேடைப் பேச்சாளன் சற்றே தாமதிக்க வேண்டும்.

ஏனெனில் ஒப்புமை வேறு, உறவு வேறு. யப்பானிலே சரசுவதியாகிய பென்சைத்தென் தீவுகளில் உறைபவள். எனோசிமா, சிக்குபு என்பன அவளுடைய புகழ்மிக்க தீவுகள். பாம்பு அவளுடைய தூதன். தீவு, தேவி, பாம்பு என்னும் மூன்றும் நயினாதீவு நாகபூசணி அம்மையிடத்திலும் உள. ஆயினும் அவளை இவளோடு பிணைக்கும் ஏடொன்றும் இல்லை. நீர்த்தெய்வத்தைத் தீவிலே வைத்தல் எங்கும் இயல்பு. மறாக, நாகம் பூக்கொண்டு நீந்திவரக் கருடன் மறித்த நயினைக் கதையும், நாரா நகரத்துக் கோபுக்குசிப் பள்ளியில் 734 ஆம் ஆண்டளவில் அமைந்த பறவைமுகக் ‘கருரா’ உருவமும் ஒரே பழங்கதையின் இரு கிளைகளே. கருரா என்னும் பெயரே சான்று. அங்கே பறவை பௌத்தத்தின் காவலனாகிக் கவசம் அணிந்தது. நயினையிலோ இரு கற்களாக, கடலிலே, இன்றும் எதிரெதிராக இருக்கின்றன.

பேராசிரியர் சுசுமு ஓனோ அவர்கள் தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டெனக் கூறியதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு உழைத்ததும் பழைய மாணவர் பலர் அறிந்தனவே. மொழிநூலார் பெரும்பாலும் அம்முடிபை ஏற்றிலர். எனினும் சனவரி 15 ஆம் நாளின் செம்பயற்றுக் கஞ்சியையும் நம் பொங்கலையும் அருகருகே வைத்து அவர்கள் நோக்கிய நோக்கு வீணாகவில்லையென்பது என் கருத்து.

ஆகவே, இவ்விழாமலர் வாயிலாகப் பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுகின்றேன். மண்டபங்களும் நீச்சற்றடாகமும் அமைத்தற்கு நீங்கள் அனுப்பும் பொருளைக் கல்லூரி நன்றியுடன் ஏற்கின்றது. உங்களுட் பலர் இலண்டன், பொஸ்தன், பாரிசு, தோக்கியோ நகரங்களின் அரும்பொருட்சாலைகளுக்கு அண்மையில் வாழ்கின்றீர்கள். அங்கேயுள்ள கீழ்த்திசைத் தெய்வ உருவங்களின் நல்ல அச்சுப்படங்களை வாங்கியோ, அனுமதியுண்டாயின் எடுத்தோ அனுப்புங்கள். தமிழறையிலே அலுமாரியொன்றை ஒழித்து வைத்திருக்கின்றேன். உள்ளூரில் இருப்போர், திருப்பணிக்காகப் பிரித்தெடுக்கப்படுமுன், புதுவர்ணம் பூசப்படுமுன், தங்கள் ஊர்க்கோயிலின் தேரையும் வாகனங்களையும் தட்டுத் தட்டாகப் படமெடுத்துத் தாருங்கள். 1981 ஆம் ஆண்டிலே நம் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது மாற்றுப்படி இல்லாதவை என்ன ஆயினவென்பதை நம் தலைமுறைக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

கைபேசியில் அனுப்புவோர் அனுப்புக. எனினும் அச்சுப்படமே வகுப்பிற் கைக்குக்கை செல்லும். படத்தின் பின்புறத்தில் ஊர், இடம், எடுத்த ஆண்டு என்பவற்றைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். மையால் எழுதினால் மாரிகாலத்து ஈரத்தில் மறுபக்கத்துக்கு ஊறிவிடுகின்றது.